குருவியின் முன்பல்

ஜூன் 1, ஞாயிறு

இரண்டுக்கு ஒன்று! ஜெயிச்சாச்சு! இரண்டு கோலும் குருவி அக்கா. இரண்டாவது கோலைப் பதினோரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பந்து யாருடைய காலுக்கும் யாருடைய மட்டைக்கும் நடுவில் புகுந்து போனதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆளே ஐந்தடி. குருவி என்று சும்மா வைக்கவில்லை பெயர். பேஜில் போட்ட ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். மொத்த ஃபாலோயர்ஸே மூவாயிரத்து இருநூறுதான்!

ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஒரு கூத்து. குருவி அக்கா வாயிலிருந்து மவுத் கார்டு வெளியே வரவில்லை.

ஆடும்போது பல்லில் அடி படாமல் இருக்க மாட்டிக்கொள்கிற உறை அது, நான் பண்ணிக் கொடுத்தது. இந்த ஹாக்கி கிளப்பில் எல்லாருடைய பல்லுக்கும் கார்டு பண்ணுவது நான்தான். எங்கேயும் படிக்கவில்லை, வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கிற பிளாஸ்டிக் கார்டை வெந்நீரில் முக்கி, இளகியதும் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, உதட்டுக்கு வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் பல்லின் வடிவத்துக்கு உட்கார்ந்துவிடும். முப்பது நொடி வெந்நீர், ஒரு நொடி பச்சைத்தண்ணீர், இருபது நொடி கடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். அம்மாவின் பால் பாத்திரம்தான் என் பட்டறை. "ஊர்ல இருக்கிற பொண்ணுங்க வாயெல்லாம் என் அடுப்புலதான் வேகுது" என்று அம்மா தையல் மெஷினிலிருந்தே கத்துவாள்.

விஷயம் என்னவென்றால், போன மாதம் அக்கா பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டாள். நான் அதை யோசிக்கவில்லை. காலையில் அச்சு எடுத்தபோது கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கடித்துக் கடித்து ஆடியதில் பிளாஸ்டிக் கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு கோல் போட்டவள் வாயைத் திறந்தபடி "ஆ... ஆ..." என்று நிற்கிறாள். கோல்கீப்பர் சுவர் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கோச் கைதட்டி, "கதை வேணாம், கிளம்புங்க, பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 2, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டாக்டர் இல்லை. பின்னறையில் ஒரு டெக்னீஷியன் மட்டும் இருந்தாள். பொய்ப்பல், பல்செட்டு எல்லாம் செய்கிறவள். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். ஏதோ சின்னக் கொக்கி ஒன்றை உள்ளே விட்டாள். இரண்டே நிமிடம். கார்டு கையில்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பண்ணாங்க இதை?"

குருவி அக்கா, பாவம், பெருமையாகச் சொன்னாள். "எங்க அட்மின்தான். எல்லாருக்கும் இவதான் பண்ணுவா."

(கிளப் குரூப்புக்கும் பேஜுக்கும் நான்தான் அட்மின். அதனால் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிடும் போல.)

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத்தாங்க பண்ணியிருக்கீங்க. ஆனா கம்பி போட்டவங்களுக்கு இது ஆகாது. தெரியாதா?"

தெரியாதா? தெரியாதா!! தெரிஞ்சா பண்ணியிருப்பேனா? அந்த "நல்லாத்தாங்க" இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

மைதானத்துக்கே வந்துவிட்டாள். யார் கூப்பிட்டார்கள்? குருவி அக்கா.

ஒரு பெட்டி நிறையச் சாமான். ரப்பர் கிண்ணத்தில் ஏதோ இளஞ்சிவப்பு மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சப் சப்பென்று குழைக்கிறாள். அதை இரும்புத் தட்டில் வழித்து வாய்க்குள் வைத்தால் மூன்று நிமிடத்தில் கெட்டியாகிவிடுமாம். குருவி அக்காவுக்கு மட்டும் முதலில் கம்பி மேல் மெழுகை ஒட்டினாள். பல் நகர இடம் வேண்டுமாம். பிறகு வரிசையாக எல்லாரும். வாயில் எச்சில் ஒழுக ஒழுகப் பன்னிரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காட்சி இருக்கிறதே, ஒரு போட்டோ எடுத்திருந்தால் பேஜ் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். எடுக்கவில்லை. அவள் பெயரில் எதற்கு நான் லைக் வாங்க வேண்டும்?

இனிமேல் இவள் பெயர் மாவுக்காரி.

சுவர் அக்கா மாவோடு என்னைக் கூப்பிட்டு, "அழ்மிழ், ஒழு போழ்ழோ எழு" என்றாள். காது கேட்காத மாதிரி கோல்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

கார்டுகள் வந்துவிட்டன. கிளினிக் பெயரில், இலவசமாக.

உண்மையைச் சொல்லு. யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. அழகாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ளே ஜெர்சி நம்பர் பதித்திருக்கிறாள். வாயைத் திறந்தாலும் விழவில்லை. போட்டுக்கொண்டே பேச முடிகிறது. சுவர் அக்கா அதைப் போட்டுக்கொண்டு கோச்சையே திட்டிப் பார்த்தாள், தெளிவாகக் கேட்டது. அவர் துரத்தினார்.

நான் பண்ணிய பன்னிரண்டும் குப்பைக்கூடையில். எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டதாக நினைப்பு. மேலே வாழைப்பழத் தோல்.

மாவுக்காரி எல்லாரையும் நிற்கவைத்து வகுப்பெடுத்தாள். "வெயில்ல வைக்காதீங்க. கார் கண்ணாடி கிட்ட வைக்காதீங்க. பச்சைத்தண்ணிலதான் கழுவணும். குருவி, நீங்க மட்டும் கம்பி முறுக்குற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லணும். பல்லு நகர்ந்துரும், இது உக்காராது. புதுசா ஒண்ணு அழுத்தித் தரேன்." கிளப் குரூப்பில் தன் நம்பரையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தது யார்? அட்மின். வேறு யார்!

ஜூன் 11, புதன்

நேத்து பெஞ்ச மழையில முளைச்ச காளான்.

ஜூன் 14, சனி

வெளியூர் ஆட்டம். பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் ஓரம் குருவி அக்கா, பக்கத்தில் நான். இரண்டு வருடமாக அதுதான் வழக்கம். போகும்போது அவள் கேட்பாள், "அட்மின், இன்னிக்கு எதிர் டீம் எப்படி?" நான் அவர்கள் பேஜ் எல்லாம் துழாவி எடுத்து வைத்திருப்பேன். யாருக்கு இடது பக்கம் பலவீனம், யார் சண்டைக்காரி, எல்லாம்.

இன்றைக்கு ஏறிப் பார்த்தால் என் இடத்தில் மாவுக்காரி.

"அட, வாங்க வாங்க, நான் எந்திரிக்கட்டுமா?" என்றாள்.

"பரவால்ல மேடம், உக்காருங்க."

வாயில் மேடம், வயிற்றில் நெருப்பு. பின் சீட்டில் தண்ணீர் கேன்களோடு உட்கார்ந்து போனேன். முன்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது. என்ன ஜோக்கு என்று கேட்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி எனக்குக் கழுத்து வலி.

மூன்றுக்குப் பூஜ்யம். நாங்கள்தான் ஜெயித்தோம். எழுதுவதற்கே மனசு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

வீட்டில் அண்ணன் கேட்டான், "என்ன உன் குருவி வேற கூடு கட்டிடுச்சா?" செருப்பை எடுத்தேன். ஓடிவிட்டான்.

ஜூன் 19, வியாழன்

நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்குச் சுவர் அக்கா வந்தாள். நன்றிப் போஸ்டர் ஒன்று வேண்டுமாம். நடுவில் மாவுக்காரி போட்டோ, சுற்றி எல்லாரும் கார்டு போட்டுப் பல்லைக் காட்டுகிற போட்டோ.

"என்னடி எழுதலாம்? நீதானே நல்லா எழுதுவ."

நான் எழுதினேன். 'எங்கள் சிரிப்பின் காவலாளி.' நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. நானே எழுதி, நானே டிசைன் பண்ணி, நானே பேஜில் போட்டு... ஆயிரத்து எண்ணூறு லைக். என்னைப் பற்றி ஒரு போஸ்டர், ஒரே ஒரு சின்னப் போஸ்டர், இரண்டு வருடத்தில் யாராவது?

சரி விடு. அழாதே. கடையில் ஆள் நிற்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

ஐயோ இன்னிக்கு நடந்ததை எப்படி எழுதறது!

மத்தியானம் கடையில் தனியாக இருந்தேன். குருவி அக்கா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் கம்பி முறுக்கினார்களாம். இன்று காலைப் பயிற்சியில் கார்டு போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் குத்துகிறது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சனிக்கிழமை ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள். மாவுக்காரி ஏதோ பயிற்சிக்காக நாலு நாள் வெளியூர்.

"நீ ஏதாவது பண்ண முடியுமாடி? நீதானே இதுல எக்ஸ்பர்ட்டு."

எக்ஸ்பர்ட்டு! என்னை! அவள் வாயாலே!

அடுத்து அவள் ஒன்று சொன்னாள். "ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமா அவங்ககிட்ட?"

"எதுக்குக்கா? பாவம், கிளாஸ்ல இருப்பாங்க. நான் இருக்கேன்ல."

கடை மேலறையில் டீ போடுகிற கெட்டில் இருக்கிறது. தண்ணீர் கொதித்தது. முப்பது நொடி. மாவுக்காரியின் பிளாஸ்டிக் கெட்டி ரகம், இளகவில்லை. இன்னொரு முப்பது. இன்னும் கொஞ்சம். பிறகு சட்டென்று இளகியது. வாயில் வைத்து, "கடிக்கா, நல்லா கடி" என்று உதட்டின் மேல் விரலால் அழுத்தினேன். அக்கா கண்ணைமூடிக் கடித்தாள். இரண்டு வருடம் முன்னால் முதல் தடவை அச்சு எடுத்தபோதும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.

உட்கார்ந்துவிட்டது! குத்தவில்லை, தூக்கவில்லை. "சூப்பர்டி!" என்று தலையில் தட்டிவிட்டுப் போனாள். அவள் போகிற வரைக்கும் படியில் நின்று பார்த்தேன். யாருகிட்ட வந்தா கடைசியில? என்கிட்ட.

ஜூன் 27, வெள்ளி

ஒன்று எழுதாமல் விட்டேன்.

அக்காவிடம் கொடுப்பதற்கு முன் கார்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். முன்பல் வருகிற இடம் மெலிந்திருந்தது. கண்ணாடிப் பேப்பர் மாதிரி, எதிர்க்கடை போர்டின் எழுத்து அதன் வழியே தெரிந்தது. முதலில் அப்படி இல்லை.

ஒரு ஆட்டம்தானே? ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை மாவுக்காரி வந்துவிடுவாள். ஆனால் வந்ததும் புதிது அழுத்தித் தருவாள், அக்கா திரும்ப அங்கே போய்விடுவாள்... வேண்டாம், இதை எழுதாதே.

போன் பண்ணலாமா? நம்பர் இருக்கிறது.

பண்ணவில்லை.

ஜூன் 28, சனி

முன்பல். மேல் வரிசை, வலது பக்கம்.

முதல் பாதி முடிய ஆறு நிமிடம் இருந்தது. நான் லைவ் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து பந்தைத் திருப்புகிறாள், எதிர் டீம் பெண் அடித்த மட்டை மேலே வருகிறது. வேண்டுமென்று இல்லை, பந்தை அடித்த வேகத்தில் தூக்கியதுதான். டக். அந்தச் சத்தம் லைவில் கேட்கிறது. கார்டு இரண்டு துண்டாகப் புல்லில் விழுந்தது.

ஓடினேன். உதட்டில் ரத்தம், தாடையெல்லாம் ரத்தம். பல் உள்பக்கமாக மடங்கிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், இந்த வீடியோவெல்லாம் பார்த்திருக்கிறேன், தொடக்கூடாது, இழுக்கக்கூடாது, சுத்தமான துணியைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம். "யாரும் தொடாதீங்க! பல்லைத் தொடாதீங்க!" என்று கத்தினேன். கோச் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அக்கா என் கையை நசுக்கிக்கொண்டு வந்தாள். பேச முடியாது. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வெளியே பார்த்தேன்.

டாக்டர் பல்லை இடத்தில் தள்ளி வைத்துக் கம்பியோடு கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார். உதட்டில் ஐந்து தையல். "கம்பி இல்லேன்னா பல்லு மைதானத்துல கிடந்திருக்கும். உயிரோட இருக்குமா செத்துடுமான்னு ரெண்டு மூணு வாரம் போனாதான் தெரியும். நிறம் மாறுதான்னு பாக்கணும்."

பல்லுக்கும் உயிர் இருக்கிறதென்று இத்தனை வீடியோ பார்த்த எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் இரண்டாம் பாதிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்களாம்.

ஜூன் 29, ஞாயிறு

லைவை நான் அழிப்பதற்குள் யாரோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். பேஜில் கமெண்ட் கொட்டுகிறது.

'சும்மா குடுத்த கார்டு, சும்மாதான் இருக்கும்.'

'சிரிப்பின் காவலாளியாம். காவலாளி தூங்கிட்டாங்க போல.'

'அந்த டெக்னீஷியன் மேல கேஸ் போடணும்.'

நான் எழுதிய வரியை வைத்தே அவளை அடிக்கிறார்கள்.

இதற்குத்தானே ஆசைப்பட்டாய்? மூணு வாரமா இதுக்குத்தானே வயிறு எரிஞ்ச?

ஒரு கமெண்டில்... எழுதுகிறேன். எழுதியே ஆக வேண்டும். 'இதுக்கு நம்ம அட்மின் பண்ண பழைய கார்டே மேல்' என்று ஒருத்தர் போட்டிருந்தார். அதற்கு நான் ஹார்ட் கொடுத்தேன். கை தானாகப் போய்விட்டது. நாற்பது நிமிடம் கழித்து எடுத்துவிட்டேன். அதற்குள் இருபது பேர் பார்த்து அவர்களும் ஹார்ட் கொடுத்திருந்தார்கள்.

ஜூன் 30, திங்கள்

மாவுக்காரி ஊரிலிருந்து வந்து நேராக மைதானத்துக்கு வந்தாள். பையோடு. முகம் வெளிறியிருந்தது. கோச்சிடம் உடைந்த கார்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

சுவர் அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். "எங்க எல்லாருக்கும் இதே மாதிரிதானே பண்ணியிருக்கீங்க? அடுத்து யாரு பல்லு?"

அவள் கார்டைக் கைக்குட்டையில் சுற்றினாள். "எல்லாருடையதையும் இன்னொரு தடவை பாக்கறேன். குடுங்க."

ஒருத்தரும் கொடுக்கவில்லை.

கோச் அப்புறம் சொன்னார்: இனிமேல் கிளினிக் பெயரில் எந்த டீமுக்கும் கார்டு பண்ணக்கூடாது என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டாராம். வேலைக்கும் ஆபத்து வரலாமாம்.

நான் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றையே மறுபடியும் அடுக்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

குருவி அக்கா வீட்டுக்குப் போனேன். உதடு வீங்கி, ஸ்ட்ரா வைத்துக் குடிக்கிறாள். அவள் அம்மா கதவைத் திறந்ததிலிருந்து மாவுக்காரியைத் திட்டிக்கொண்டே இருந்தார். "நம்பித்தானே வாயைக் குடுத்தா என் பொண்ணு! அவ கையில கட்டை முளைக்க!"

அக்கா தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தாள். முடியவில்லை. போனில் டைப் பண்ணி எனக்கு மட்டும் காட்டினாள்.

'அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீ சொல்லு. என்னால உன்னைக் காட்டிக் குடுக்க முடியாது. ஆனா ரொம்ப நாள் வாயை மூடிட்டு இருக்கவும் முடியாது.'

கீழே ஒரு சிரிக்கிற பொம்மை முகம் போட்டிருந்தாள். இந்த நிலைமையில் ஜோக் அடிக்கிறாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஜூலை 2, புதன்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு கிளினிக் பின்னறைக்குப் போனேன். அலமாரி முழுக்க அச்சில் வார்த்த வெள்ளைப் பிளாஸ்டர் பற்கள், எங்கள் டீமுடையது கீழ்த் தட்டில், நம்பர் எழுதி. பன்னிரண்டு வாய்களும் என்னைப் பார்த்துத் திறந்திருந்தன.

அவள் ஏதோ பொய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை. நான் அந்தச் சத்தத்திலேயே சொன்னேன். கெட்டில், முப்பது நொடி, இன்னொரு முப்பது, ஜன்னல், எல்லாம். மெலிந்ததைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் மெஷின் நின்றது.

"வெந்நீர்ல போட்டாங்கன்னு அன்னிக்கே தெரியும். முன்பக்கம் விரல் பதிஞ்சிருக்கு. குருவி விரல் இல்ல, அது குச்சி மாதிரி இருக்கும். யாருன்னு ஊகிச்சேன்."

"அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் சொல்லல?"

"ஊகத்தை வெச்சு ஒருத்தர் பேரைச் சொல்ல நான் என்ன கமெண்ட்டா போடறேன்?"

நான் கீழ்த் தட்டில் இருந்த எங்கள் பற்களைப் பார்த்தேன்.

"ஒரு போன்" என்றாள். குரல் உடைந்தது. கோபத்தில்தான். "ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா, அதைப் போடாதீங்க, கம்பிக்காரங்களுக்குன்னே கடையில ஒரு கார்டு விக்குது, இந்த ஒரு ஆட்டத்துக்கு அதை வாங்கிப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு வரி. ரெண்டு வரிக்கு அந்தப் பொண்ணோட பல்லு. தெரியாம பண்ணியிருந்தா விட்டுருவேங்க. பாத்துட்டீங்களே!"

"பொறாமைக்கா" என்றேன். முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டேன், அதுவும் இதற்கு.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்மேலயா? நான் நாள் பூரா இந்த ரூம்ல பிளாஸ்டிக் பல்லோட பேசிட்டு இருக்கிறவ. உங்க டீம் வந்தப்பதான் எனக்கு நாலு பேரு கிடைச்சாங்க."

பிறகு மெஷினைப் போட்டுவிட்டாள். போகச் சொல்கிறாள் என்று புரிந்தது.

ஜூலை 3, வியாழன்

பேஜில் போட்டேன். நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான்:

'குருவி அக்காவின் கார்டு உடைந்ததற்கு அதைச் செய்தவர் காரணம் இல்லை. அவர் ஊரில் இல்லாதபோது, அவரைக் கேட்காமல், நான் அதை வெந்நீரில் போட்டேன். முன்பக்கம் மெலிந்துவிட்டதைப் பார்த்தும் அக்காவிடம் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையால் போன் பண்ணவில்லை. திட்ட வேண்டியவர்கள் என்னைத் திட்டுங்கள். அவரைத் திட்டிய கமெண்டுகளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். – அட்மின்'

குரூப்பிலும் அதையே போட்டேன். குருவி அக்காவின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அறுநூறு பேர் அன்ஃபாலோ. என் போட்டோவைக் கெட்டிலுக்குள் வைத்து ஒரு மீம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தான். அவன் கிண்டல் பண்ணாததுதான் ரொம்ப பயமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கோச் என்னிடமிருந்து பேஜ் பாஸ்வேர்டையும் கிளப் அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். "கதை வேணாம்" என்று ஆரம்பித்தார், ஆனால் அவரே முடிக்கவில்லை. "மேட்ச் பாக்கணும்னா பாரு. வேலிக்கு அந்தப் பக்கம்."

டாக்டர் மாவுக்காரிக்கு — அவளுக்கு — மறுபடி டீமுக்குக் கார்டு பண்ண அனுமதி கொடுத்துவிட்டாராம். சுவர் அக்கா முதல் ஆளாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. புது அட்மின் பேஜில் போட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புது அட்மினுக்கு 'கவசம்' என்று எழுதவே தெரியவில்லை, இரண்டு பிழை.

ஜூலை 17, வியாழன்

பல் சாம்பல் நிறமாகத் திரும்பியிருக்கிறதாம். உள்ளே நரம்பு செத்துவிட்டது. வேர் சிகிச்சை ஆரம்பிக்கிறார்கள். பல் நிற்கும் என்கிறார்கள். நிற்கும், ஆனால் உயிர் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

பதில் வந்தது. 'கோபம் போகல. போன் பண்ணலாமான்னு நான்தான் கேட்டேன், நீ வேணாம்னு சொன்ன. அதுதான் திரும்பத் திரும்ப வருது. பல்லைவிட அதுதான் வலிக்குது. கோபம் போனா சொல்றேன்.'



ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா ஏழு வாரத்துக்குப் பிறகு இறங்குகிறாள் என்று பேஜில் பார்த்து, வேலிக்கு வெளியே போய் நின்றேன். பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டு ஒரு தாத்தா, தன் பேத்தி எதிர் டீமில் ஆடுகிறாள் என்று என்னிடம் ஐந்து தடவை சொன்னார்.

பெஞ்சில் பெட்டியோடு அவள். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். குருவி அக்காவை இரண்டு தடவை பார்த்தாள்.

முதல் பாதியில் அக்கா பந்துக்குப் பயந்தாள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், அவள் குனிகிற அளவு எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியில் இருபதாவது நிமிடம் குனிந்தாள். முழுசாகக் குனிந்தாள். இரண்டு பேர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பந்து உள்ளே.

கத்திக்கொண்டே நேராகப் பெஞ்சுக்கு ஓடி அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. பொய் சொல்லல, நல்லா எரிஞ்சுது. இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அக்கா.

ஆனால் அவள் வாயைத் திறந்து கத்திக்கொண்டு ஓடியபோது நான் முதலில் பார்த்தது அவள் யாரிடம் ஓடுகிறாள் என்பதை இல்லை. கார்டைப் பார்த்தேன். ஈறு வரைக்கும் ஒட்டி, கெட்டியாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.